தலை நுழையாத மஞ்சள் பனியன்

மஞ்சள் பனியன் கொடுத்தவளுக்கு,

நீ கொடுத்த பனியன் இன்னும் என் மேஜை மேல்தான் கிடக்கிறது. பக்கத்துத் தையல் யூனிட்டில் காலையில் மெஷினைப் போட்டார்கள் என்றால் மதியத்துக்குள் என் லேப்டாப் மேல் பஞ்சு படிந்துவிடும். வேலம்பாளையத்தில் மாடி வீடு வாடகைக்குப் பிடித்தவளுக்கு வேறென்ன கிடைக்கும்? அந்தப் பஞ்சைத் துடைக்கத்தான் உன் பனியன். முயல் படம் போட்ட, இரண்டு வயதுக் குழந்தைக்கான பனியன். ஆனால் எந்த இரண்டு வயதுக் குழந்தையின் தலையும் அந்தக் கழுத்தில் நுழையாது. துவைத்துத் துவைத்து முயலுக்கு ஒரு காது அழிந்துவிட்டது.

இன்று காலை அதை வைத்துத் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் மருந்து கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்களுக்கான தமிழ்க் கையேட்டை மறுபடி அச்சடிக்கப் போகிறார்களாம். லோகோ மாறியிருக்கிறது, உதவிக்கு அழைக்கும் எண் மாறியிருக்கிறது, அதை மட்டும் திருத்திக் கொடுத்தால் போதும், மற்றதெல்லாம் பழையபடியே இருக்கட்டும் என்று எழுதியிருந்தார்கள். திறந்து பார்த்தேன். அட்டையில் அதே சிரிக்கிற பெண். உள்ளே அதே வாக்கியம். எந்த வாக்கியம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

யாருமே இல்லாத அறையில் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவ்வளவு வெட்கமாக இருந்ததடி.

நாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மைக்ரோபயாலஜி படித்தவர்கள் என்றால் இப்போது யார் நம்புவார்கள்? படிப்பு முடிந்ததும் நீ நேராக எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலைக்குப் போய்ச் சேர்ந்தாய். கிருமியைப் பற்றிப் படித்துவிட்டுப் பனியன் கம்பெனிக்குப் போகிறாயே, வெட்கமாக இல்லையா என்று உன் சொந்தக்காரர்களே கேட்டார்கள். "வெக்கப்பட்டுட்டு என்னங்க பண்றது? பஸ் வந்துருச்சு, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு நீ போய்க்கொண்டே இருந்தாய். நான் மேலே படித்தேன், சென்னையில் ஒரு ஆய்வுக்கூடத்தில் கொஞ்ச நாள் இருந்தேன், கல்யாணமாகித் திரும்ப இந்த ஊருக்கே வந்தேன். இங்கே எனக்கு எந்த ஆய்வுக்கூடம் இருக்கிறது? வீட்டில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். பரிசோதனைக் கருவிக்கு விளக்கம், மாட்டுத் தடுப்பூசிக்குத் துண்டுப் பிரசுரம், ஏதோ ஒரு கம்பெனியின் இணையப் பக்கத்துக்கு மரபணுவைப் பற்றி நாலு பத்தி, நோயாளிகளுக்கான கையேடு. எங்கேயும் என் பெயர் வராது.

இதை ஊருக்கு எப்படிச் சொல்வது என்றே எனக்குத் தெரிந்ததில்லை. இந்த ஊரில் ஷிப்டுக்குப் போகிறவர் உண்டு, கம்பெனி நடத்துகிறவர் உண்டு. நைட்டியோடு லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவளுக்கு என்ன பெயர்? "சும்மாதான ஊட்ல இருக்கறீங்க, குழந்தைய சித்தே பாத்துக்கோங்க" என்று கீழ்வீட்டக்கா விட்டுவிட்டுப் போவார். நானும் மடியில் குழந்தை, திரையில் என்சைம் என்று தட்டிக்கொண்டிருப்பேன். யாராவது என்ன வேலை என்று கேட்டால் ஏதோ முணுமுணுப்பேன். நீ பக்கத்தில் இருந்தால் போதும், முந்திக்கொள்வாய். "மருந்து கம்பெனி, லேப் கம்பெனி, மாட்டு ஊசி கம்பெனி, எல்லாத்துக்கும் இவொதானுங்க எழுதித் தர்றா. பேரு போட மாட்டாங்க. நம்ம தைக்கற பனியன்ல வெள்ளக்காரன் லேபிள் வெக்கறோமுல்ல, அதே ஜாப் ஒர்க்குதான்."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருக்கும். ஆனால் கேட்டவர்களுக்கு உடனே புரிந்துவிடும். "அப்படீங்களா" என்று மரியாதையாகத் தலையாட்டுவார்கள். என் வேலையை இந்த ஊருக்குப் புரிகிற மாதிரி சொன்னவள் நீ ஒருத்திதான்.

இந்த மஞ்சள் பனியன் கதையை நீ எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் குழந்தைகள் பனியனுக்கு சாம்பிளைப் பார்த்து, சரி என்று சீல் போட்டு அனுப்பிவிட்டார். சீல் போட்ட சாம்பிள் என்றால் அப்புறம் யாரும் வாய் திறக்கக் கூடாது. தையல் கோணலாக இருந்தால் அத்தனை பீஸிலும் அதே கோணல் வர வேண்டும். அது இந்த ஊரில் எழுதாத சட்டம். கழுத்து ரிப் பட்டி இறுக்கமாக இருந்ததை கட்டிங் மாஸ்டர் பார்த்தார், தையல்காரர்கள் பார்த்தார்கள், செக்கிங் பெண்கள் பார்த்தார்கள். அளவு சார்ட்டுக்குச் சரியாக இருந்தது, சீலும் இருந்தது. எல்லோரும் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

நீ மட்டும் அந்த சாம்பிளை எடுத்துக்கொண்டு கம்பெனியிலேயே இருக்கும் குழந்தைகள் காப்பகத்துக்குப் போனாய். அங்கே விளையாடிக்கொண்டிருந்த ஒரு குட்டிக்கு மாட்டினாய். காதோடு நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை, குழந்தை வீல் என்று கத்துகிறது. நீ அதை அப்படியே வீடியோ எடுத்து பையருக்கு அனுப்பிவிட்டு, "கட்டிங்க நிறுத்துங்கண்ணா" என்று போய் நின்றாய். முதலாளி கத்தினார். பையர் கோபப்பட்டார். புது சாம்பிள், புது சீல், கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு தாமதம். முதலாளி பல நாள் உன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

"உனக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு. அதுக்குன்னு? அத்தன பேரு பாத்தாங்க புள்ள, ஒருத்தராச்சும் ஒரு தலையில மாட்டிப் பாக்கல. பனியன் எதுக்குத் தைக்கறோம், சார்ட்டுக்கா?" என்று சொல்லிவிட்டு அந்தப் பழைய சாம்பிளை என் பக்கம் தூக்கிப் போட்டாய். "இந்தா, உன்ற லேப்டாப்பத் தொடச்சுக்கோ."

சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். அந்தக் கதையை நான் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். கதையாகக் கேட்டதோடு சரி.

கையேட்டை நான் எழுதியது அதற்குப் பிறகுதான். உனக்கு அப்போது ஒன்றும் இல்லை, நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்தாய். படிக்கிறவர்களைப் பயமுறுத்தாமல், நம்பிக்கை தருகிற மாதிரி எழுதுங்கள் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். நானும் எழுதினேன். "சிகிச்சைக் காலத்தில் லேசான சோர்வு ஏற்படலாம். பெரும்பாலானோர் தங்கள் அன்றாட வேலைகளை வழக்கம்போல் செய்து வருகின்றனர்." யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்த வாக்கியம் இல்லை, நானே உட்கார்ந்து செதுக்கியது. அளவாக, இதமாக வந்திருக்கிறது என்று எனக்கு அதன் மேல் ஒரு பிரியம்கூட இருந்தது. அவர்களும் அப்படியே அப்ரூவ் செய்தார்கள். மேடத்திடம் கொடுத்தால் தலைவலியே இல்லை, ஒரு கேள்வி கேட்க மாட்டார் என்று என்னைப் பற்றி அங்கே ஒரு நல்ல பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்துத்தான் நான் இத்தனை காலம் பிழைத்திருக்கிறேன்.

பிறகு உனக்கு வந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கும் மண்ணரையில் உன் வீட்டுக்குமாக அலைந்தாய். முடி கொட்டியபோது அழவில்லை. "ஷாம்பு மிச்சம்" என்றாய். கம்பெனியில் எல்லோருக்கும் நீயே போன் போட்டு, இன்ன நோய் என்று பெயர் சொல்லிச் சொன்னாய். ஊரே பெயர் சொல்லப் பயந்து "அந்தச் சீக்கு" என்று சொல்கிற நோயை நீ ஆர்டர் நம்பர் சொல்கிற மாதிரி சொன்னாய். எதற்கும் கூச்சப்படாத பிறவி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் மதியம் உன் வீட்டுக்கு வந்தேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. தோசை கருகும் நாற்றம் வாசல் வரை வந்தது. உள்ளே ஓடினால், அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது, நீ சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாய். தலையில் சுற்றிய துணி நழுவிக் கிடக்கிறது. கையில் தோசைக் கரண்டி. நான் அடுப்பை அணைத்தேன்.

"என்ன புள்ள இது? யாரு உன்னத் தோசை சுடச் சொன்னது?"

"யாருஞ் சொல்லல. அவரு சாப்பிட வருவாரு. அதுக்குள்ள சுட்டு வெச்சரலாம்னு பாத்தேன். கை தூக்க முடியல."

பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ என்னைப் பார்க்காமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லீராத. எனக்கு வெக்கமா இருக்குது புள்ள."

உன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

"எல்லாரும் இந்த மருந்த ஏத்திக்கிட்டு வேலை பாக்கறாங்களாமா. எனக்கு மட்டும் தண்ணி டம்ளர் கனக்குது. குளிக்கப் போனா அங்கயே உக்காந்துக்கறேன். இது சீக்கு இல்ல, என்ற சோம்பேறித்தனந்தான் போல. அவரும் பாவம், 'மனசத் தெடமா வெச்சுக்கோ, எல்லாரும் வழக்கம்போல இருக்கறாங்கன்னு புக்குலயே போட்டிருக்குது பாரு'ன்னு தெனமும் படிச்சுக் காட்டறாரு. டாக்டரு எப்படி இருக்கறீங்கன்னு கேட்டா, நல்லா இருக்கறனுங்கன்னு சொல்லிப்போட்டு வந்தர்றேன். மத்தவங்கெல்லாம் நல்லா இருக்கறப்போ நான் மட்டும் முடியலன்னு எப்படிச் சொல்றது?"

"எந்த புக்கு?" என்று கேட்டேன்.

பிரிட்ஜ் மேல் என்று கை காட்டினாய். எழுந்து எடுத்தேன். சிரிக்கிற பெண். அந்தப் பக்கம் மடித்து வைத்து மடித்து வைத்து அதுவாகவே திறந்துகொண்டது. உன் வீட்டுக்காரர் அந்த வாக்கியத்துக்குக் கீழே பேனாவால் கோடு வேறு போட்டிருந்தார்.

என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாய். துணியைத் தொட்டே எந்த மில் நூல் என்று சொல்லிவிடுகிறவளிடம் என் முகமா எதையாவது மறைக்கும்?

"நீ எழுதினதா?"

"ஆமா."

நீ சிரித்தாய். கடவுளே, என்ன சிரிப்பு அது. "அடக் கெரகமே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்து, இருமல் வந்து, தண்ணீர் குடிக்கவும் முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டாய். அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாய்.

"பெரும்பாலானோர்னு போட்டிருக்கறயே, அதுல ஒருத்தியக் காட்டு. நான் போயிப் பாத்துட்டு வர்றேன். எப்படித் தோசை சுடறான்னு கேக்கோணும்."

அப்படி ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை. அந்த மருந்தை ஏற்றிக்கொண்ட ஒரு பெண்ணோடுகூட உட்கார்ந்து பேசாமல்தான் அதை எழுதினேன். காகிதத்தைப் பார்த்துக் காகிதத்தில் எழுதினேன்.

"எந்தத் தலையிலயாச்சும் மாட்டிப் பாத்தயா புள்ள?" என்றாய். கோபமாகக்கூட இல்லை. "செரி, இனி மாத்தச் சொல்லு. என்னயாட்ட எத்தன பேரு இதப் படிச்சுப்போட்டு வாய மூடிக்கிட்டு உக்காந்திருக்கறாங்களோ."

அப்போது நான் சொன்னது இதுதான். "அது அப்ரூவ் ஆயிருச்சு புள்ள. இனி ஒண்ணும் பண்ண முடியாது."

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் இதைச் சொல்கிறேன் என்று உறைத்தது. நன்றாகத் திட்டுவாய் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "செரி, உடு. கை குடு, எந்திரிக்கோணும்" என்றாய்.

உன் வீட்டுக்காரர் சாப்பிட வந்ததும் வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன். "அண்ணா, அந்த புக்குல போட்டிருக்கறது இவளுக்குப் பொருந்தாதுங்க. இவளால முடியலைங்க. அது சோம்பேறித்தனம் இல்லீங்க."

"அப்படீங்களா? டாக்டருங்க எழுதினதுங்களே அம்மிணி. அச்சுல வந்திருக்குதுங்களே."

"நான்தானுங்க எழுதினேன்."

அந்த மனுஷன் என்னையும் என் கையிலிருந்த கையேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் உன் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அடுப்பு அவர் கைக்குப் போனது. அவர் வைத்த ரசத்தைப் பற்றி நீ போனில் சொன்ன கிண்டல்களை எல்லாம் எழுதினால் மனுஷன் என்னை வீட்டுக்குள் விடமாட்டார்.

உன் ஒருத்திக்கு அந்த வாக்கியத்தை அழித்தாயிற்று. மற்றவர்களுக்கு? கம்பெனிக்கு எழுத வேண்டும் என்று உட்காருவேன். என்ன நினைப்பார்களோ என்று வரும். நானே எழுதிவிட்டு நானே தப்பு என்றால் இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களோ என்று வரும். அடுத்த தடவை அச்சடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைப்பேன். இடையில் நீ போய்விட்டாய். கடைசி நாட்களில் என்னிடம் எதைப் பற்றியெல்லாமோ பேசினாய், தாராபுரத்தில் உங்கள் அம்மா வீட்டு மாமரத்தைப் பற்றி, சாயத்தின் ஷேட் மாறி வந்த ஒரு ஆர்டரைப் பற்றி. இதைப் பற்றி மட்டும் பேசவில்லை.

நீ போன பிறகு ஆஸ்பத்திரியில் சில காகிதங்கள் வாங்க உன் வீட்டுக்காரருக்குத் துணையாகப் போனேன். கவுண்டரில் அந்தக் கையேடு அடுக்கி வைத்திருந்தது. காத்திருந்த ஒரு அம்மா ஒன்றை எடுத்து மடித்துப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். போய் அவரிடமிருந்து திரும்ப வாங்கிவிடலாமா என்று கால் துடித்தது. என்ன செய்தேன் தெரியுமா? மிச்சம் இருந்த அடுக்கைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான் என் வீரம்.

இன்று மெயிலைப் பார்த்த பிறகு வெகுநேரம் பனியனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லோகோவை மாற்றினேன். உதவி எண்ணை மாற்றினேன். அப்புறம் அந்த வாக்கியத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பு போட்டேன். "இது நான் எழுதியதுதான், ஆனால் தப்பு. பலருக்குச் சோர்வு கடுமையாக இருக்கிறது. இதைப் படித்தால் தன் மேல்தான் குறை என்று நினைத்து டாக்டரிடம்கூடச் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். மாற்றலாமா?" அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். கை சும்மா இருக்க முடியவில்லை. வீட்டைக் கூட்டினேன். பனியனை அலசி மொட்டை மாடிக் கொடியில் போட்டேன். கூப்பிட்டுக் கேட்டால் என்ன பதில் சொல்வது, எப்படிச் சண்டை போடுவது, உன்னைப் பற்றி எந்த இடத்தில் சொல்வது என்று மாடியிலேயே நின்று வாய்விட்டுப் பேசிப் பார்த்தேன். எதிர்மாடியில் துணி காயப்போட்ட பெண் ஒரு மாதிரி பார்த்தாள்.

கீழே வந்தால் பதில் வந்திருந்தது.

"குட் கேட்ச் மேடம். மாத்திடலாம். புது லைன் நீங்களே எழுதி அனுப்பிடுங்க." கூடவே ஒரு கட்டைவிரல் படம்.

அவ்வளவுதானடி. கோபம் இல்லை, விசாரணை இல்லை, யாரும் வேறு ஆளைப் பார்க்கவில்லை. நீ பையரிடமும் முதலாளியிடமும் வாங்கிக்கட்டிக்கொண்டதில் ஒரு துளிகூட எனக்கு இல்லை. மாடியில் பனியன் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு வந்தவள் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். நீ அந்தத் தரையில் உட்கார்ந்திருந்த நாளிலேயே கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும்.

புது வரி எழுதி அனுப்பிவிட்டேன். "பலருக்குச் சோர்வு மிகக் கடுமையாக இருக்கலாம். எழுந்து நிற்க முடியாத நாளும் வரலாம். அது சோம்பேறித்தனம் அல்ல. மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். அடுப்பு வேலையை வீட்டில் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்." அந்த அடுப்பு வரி வேண்டுமா மேடம் என்று கேட்டார்கள். வேண்டும் என்றேன். நான் அவர்களிடம் வேண்டும் என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். பையரை விடவில்லை நீ, முதலாளியை விடவில்லை, உன் டாக்டரையே ஒவ்வொரு மாத்திரைக்கும் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டாய். அந்தத் தோசை கருகிய மதியத்துக்குப் பிறகு எத்தனை தடவை நாம் பேசியிருப்போம், எத்தனை நாள் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மாத்தச் சொன்னேனே, கேட்டயா புள்ள என்று என்னிடம் மட்டும் நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.